ஆற்றங்கரையில் விசேஷம் வைக்கிறீர்களா? காவிரி டெல்டாவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெல்டாவில் ஆற்றங்கரையில் ஒரு விருந்தோ விசேஷமோ வைக்க நினைப்பவர்கள் முதலில் மண்டபத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது தண்ணீரை. இங்கே அணையைத் திறந்தால் ஆறு வரும், மூடினால் போய்விடும். மார்ச் மாதத்தில் ‘ரிவர் வியூ’ என்று போர்டு போட்ட ஹாலைப் பிடித்தால், வெறும் மணலையும் அதில் கிரிக்கெட் ஆடும் பையன்களையும்தான் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கும்.

வேலை மாற்றலாகித் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் வந்தவர்கள், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள், சொந்த ஊர் இதுதான் என்றாலும் ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளானவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். காரியம் நடக்க வேண்டிய வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள் பிடிக்கும். திருச்சியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அதே வாரம் மயிலாடுதுறையில் விசேஷம் வைத்தால் ஆறு காய்ந்தே கிடக்கலாம்.

ஜூன் 12 என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2023-இல் சரியாக ஜூன் 12-க்குத் திறந்து, இருப்பு போதாமல் அக்டோபரிலேயே மூடினார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டி வந்தது. அதனால் நாளிதழில் தினமும் வரும் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். முழு அளவு 120 அடி. ஜூன் தொடக்கத்தில் 90 அடிக்கு மேல் இருந்தால் வழக்கமான தேதியில் திறப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். டெல்டாக்காரர்கள் டீக்கடையில் அரசியலுக்கு முன்னால் பேசுவது இந்த எண்ணைத்தான்.

இன்னொரு சங்கதி புதியவர்களுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில் ‘முறை’ வைத்து விடுவார்கள். சில நாள் காவிரியில், சில நாள் வெண்ணாற்றில் என்று மாறி மாறி வரும். போன வாரம் நீங்கள் போய்ப் பார்த்தபோது கரை தொட்டு ஓடிய கிளை ஆறு, விசேஷத்தன்று முழங்கால் அளவுகூட இல்லாமல் கிடக்கும். அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன் மாதிரி ஆறுகளின் கரையில் இடம் பார்ப்பவர்கள், அந்தத் தேதியில் யாருக்கு முறை வரும் என்று பக்கத்து வயல்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மண்டப மேனேஜர் எந்த மாதம் கேட்டாலும் “தண்ணி வந்துடும் சார்” என்றுதான் சொல்லுவார்.

கொள்ளிடத்தின் கதை வேறு. அது வெள்ள வடிகால். காவிரியில் நிறையத் தண்ணீர் ஓடும்போதுகூடக் கொள்ளிடம் பெரும்பாலும் மணல் வெளியாகத்தான் இருக்கும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால்தான் திருச்சிக்கு மேற்கே உள்ள முக்கொம்பிலும் கல்லணையிலும் அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அப்போது வரும் தண்ணீர் ரசிப்பதற்கானது அல்ல. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகளையே அடித்துக்கொண்டு போனது. ஆகவே கொள்ளிடக்கரையில் இடம் என்று யாராவது சொன்னால், ஒன்று மணலைப் பார்க்கத் தயாராக இருங்கள், இல்லையென்றால் வெள்ள எச்சரிக்கை வந்தால் விருந்தை எங்கே மாற்றுவது என்று யோசித்து வையுங்கள்.

தண்ணீர் நிச்சயமாக வேண்டும், ஆறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்றால் குளக்கரை பாருங்கள். திருவாரூர் கமலாலயம் ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்று சொல்லப்படுவது. மன்னார்குடி ஹரித்ராநதி 23 ஏக்கர். இவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில் மொட்டை மாடியோடு ஒரு ஹால் கிடைத்தால் ஆற்றங்கரை ஹாலைவிட அழகாக இருக்கும் என்பது என் கட்சி.

பிறகு மாதம்

ஆடியில் காவிரியில் தண்ணீர் நிறைந்து ஓடும், ஆனால் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். பிறந்தநாள், பணி ஓய்வு விழா, பள்ளிக்கூடப் பழைய மாணவர் சந்திப்பு, ஆபீஸ் கெட்-டுகெதர், இதற்கெல்லாம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மாதிரி வேறு காலம் கிடையாது. நட்சத்திரம் ஆடியில் விழுந்தால் அறுபதாம் கல்யாணமும் வைக்கலாம். ஒரே விலக்கு பேராவூரணி, அதை ஒட்டிய புதுக்கோட்டைப் பக்கம். அங்கே ஆடி என்றால் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கும் மொய் விருந்து சீசன், மண்டபமும் சமையல்காரரும் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஆடியின் ஒரே தொந்தரவு காற்று. அம்மியே பறக்கும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. கரையில் ஷாமியானா போட்டு வெட்டவெளியில் பந்தி நடத்தினால் இலை, டம்ளர், மேடைக்குப் பின்னால் கட்டிய துணி எல்லாம் ஆற்றுக்குப் போகும். சாப்பாட்டை உள்ளே வைத்துக்கொண்டு, காபிக்கும் போட்டோவுக்கும் மட்டும் வெளியே வாருங்கள்.

ஆவணியில் முகூர்த்தங்கள் வந்துவிடும், தண்ணீரும் இருக்கும், எனவே மூன்று நான்கு மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். கூரை இல்லாத இடத்தை நினைத்தே பார்க்காதீர்கள். மழை இல்லாத நாளிலும் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி படையெடுத்து வந்து பாயசத்தில் விழும். இலை போடும் இடத்துக்கு மேலே பிரகாசமான விளக்கு வேண்டாம், இருபது முப்பது அடி தள்ளி ஒரு பெரிய விளக்கைப் போட்டால் பூச்சி அங்கே போய்விடும். தை மாதம் எல்லாவற்றிலும் நல்லது. மழை ஓய்ந்து, வயல் அறுப்புக்கு நிற்க, ஆற்றிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அதனால்தான் தையில் இடம் கிடைக்காது.

எந்த ஊர், எந்தக் கரை

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரளக் காயலோரம்போல மேஜைக்குக் கீழே தண்ணீர் அலம்பும் ஓட்டல்கள் டெல்டாவில் அதிகம் இல்லை. ஆற்றின் கரை அரசாங்கப் புறம்போக்கு, அதில் கட்டடம் கட்ட முடியாது. கரையும் தரையைவிட உயரம், கரை மேலேயே சாலை. அதற்கு அப்பால் பள்ளத்தில்தான் ஓட்டலும் மண்டபமும் இருக்கும். தரைத் தளத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிவது கரைதான், ஆறு தெரியாது. எனவே ஆற்றங்கரை இடம் என்று சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “மாடி இருக்கா, மாடியில சாப்பாடு போட முடியுமா?”

திருச்சியில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் சின்னதும் பெரியதுமாக நிறைய ஹால்கள். படித்துறை நடக்கும் தூரம். ஆனால் அமாவாசைகளில், குறிப்பாக ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று, தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் கார் நகராது. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முக்கொம்பும் கல்லணையும் குடும்பத்தோடு கட்டுச்சோறு எடுத்துப் போய்ச் சாப்பிட ஏற்ற இடங்கள். கல்லணைப் பக்கம் சாலையோரத்தில் மீனைக் காட்டி, நறுக்கி, மசாலா தடவி உங்கள் கண் முன்னால் வறுத்துத் தருவார்கள். மீன் எடையைப் பார்த்து விலையைப் பேசிவிட்டு வறுக்கச் சொல்லுங்கள், வறுத்த பிறகு பேசினால் சண்டைதான். கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் பழைய சாலையில் அணைக்கரையும் ஆற்று மீனுக்குப் பேர்போனது.

தஞ்சாவூரில் பள்ளியக்ரகாரம் பக்கம் வெண்ணாற்றங்கரையில் தோப்போடு கூடிய ரிசார்ட் வசதி உண்டு. ஐம்பது அறுபது பேர் தங்கிச் சாப்பிடும் விசேஷத்துக்குச் சரி. திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறை கண்ணுக்கு விருந்து, ஆனால் ஜனவரியில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில் ஊரில் அறையே கிடைக்காது. மயிலாடுதுறை துலாக்கட்டத்தை ஒட்டி இடம் பார்ப்பவர்கள், நீராடக் கூட்டம் கூடும் ஐப்பசி கடைசி நாளான கடைமுகத்தையும் மறுநாள் முடவன் முழுக்கையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபது, எழுபது, எண்பது நிறைவுக்குத் திருக்கடையூர் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கோயிலில் சடங்கு காலையில் முடிந்துவிடும், மதியச் சாப்பாட்டை ஊரிலேயே ஹாலில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடி போய்விடுங்கள். பக்கத்தில்தான் இருக்கிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எதிரே கடற்காற்றில் உட்காரலாம். ஆனால் இது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலில் உதிக்கும், மறைவது ஊர்ப் பக்கம். கடலில் சூரியன் இறங்க ஜோடியை நிற்க வைத்துப் படம் எடுக்கும் ஆசை இருந்தால் இங்கே நடக்காது. பௌர்ணமியாகப் பார்த்து வைத்தால் சாயங்காலம் கடலிலிருந்து நிலா எழும், அதை விடாதீர்கள். சூரியன் இறங்குவதைத் தண்ணீர் மேல் பார்க்க வேண்டுமானால் ஆறுதான் தோது. மேற்கிலிருந்து வருவதால், பாலத்தின் மேல் நின்றால் ஆற்றின் நடுவிலேயே இறங்கும்.

மண்டபத்தில் கேட்க வேண்டியவை

பகலில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை போய்ப் பாருங்கள். வாடகை எவ்வளவு என்பதைவிட வாடகைக்குள் எதெல்லாம் அடங்கும் என்பதுதான் முக்கியம். கரண்ட் மீட்டர்படி தனி, ஜெனரேட்டருக்கு டீசல் தனி, கிளீனிங் தனி, கேஸ் சிலிண்டர் தனி, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று கடைசியில் வரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாடகை நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதும் அதில் இருக்கட்டும். முதல் நாள் மத்தியானம் முதல் மறுநாள் மத்தியானம் வரை என்பது பல இடங்களில் வழக்கம். சமையல்காரர்கள் முதல் நாளே வந்து காய் நறுக்க வேண்டும் என்பதால் இந்த நேரம் முக்கியம்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணிப் பாருங்கள். ‘ஆயிரம் பேர் ஹால்’ என்பது மேடை இருக்கும் ஹாலைப் பற்றிய பேச்சு. 500 பேரை அழைத்து, கூடத்தில் 150 நாற்காலிதான் என்றால் நான்கு பந்தி. ஒரு பந்திக்கு இலை எடுத்துத் துடைத்து மறுபடி போடுவதையும் சேர்த்து நாற்பது நிமிஷம் வைத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள் உங்கள் நெருங்கிய சொந்தமாகத்தான் இருப்பார்கள், பசியோடு.

கோயில் ஊர்களில் அசைவத்துக்கு அனுமதி உண்டா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள்.

சாப்பாடு, அதாவது இலைக் கணக்கு

இங்கே சமையல் காண்ட்ராக்டர் பேசுவது ஆள் கணக்கு அல்ல, இலைக் கணக்கு. ஓர் இலைக்கு இவ்வளவு, குறைந்தபட்சம் இத்தனை இலை என்று பேசிக்கொள்வீர்கள். போட்ட இலை எல்லாம் கணக்கில் வரும். யாரும் உட்காராத இலையில் உப்பு வைத்துவிட்டால் அதுவும் ஓர் இலை. விசேஷம் முடிந்த சாயங்காலம் எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சு இது:

“அண்ணே, முந்நூறு இலைன்னு சொன்னோம். இருநூத்தி அறுபதுதானே ஆச்சு?”

“முந்நூறுக்குச் சமைச்சாச்சே தம்பி. மேல போனா சேர்த்துக் குடுங்க, கீழ வந்தா நான் எங்க போறது?”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் நீங்கள் நினைக்கும் எண்ணிக்கையில் கொஞ்சம் குறைத்தே குறைந்தபட்ச இலையைப் பேசுங்கள், மேலே வந்தால் எத்தனை வரை சமாளிப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பந்திக்குப் பந்தி இலையை எண்ண வீட்டு ஆள் ஒருவரைப் போடுங்கள். சீட்டு ஆடப் போய்விடாத சித்தப்பாவாக இருந்தால் உத்தமம். நீங்களே சாமான் வாங்கிக் கொடுத்து, சமையல்காரருக்குக் கூலி மட்டும் தருவதாக இருந்தால், சாப்பாட்டுப் பந்திக்கு ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

மெனுவில் ஊர் வாசனை இருக்கட்டும். பன்னீர் பட்டர் மசாலாவை எந்த ஊரிலும் சாப்பிடலாம். திருவையாறு அசோகா அல்வா, காலை இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா, பித்தளை டபராவில் டிகிரி காபி, முடிவில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. அந்த வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காபிக்குத் தனியாக ஓர் ஆள் உண்டா, பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வையுங்கள். சாம்பார் சுமாராக இருந்தால் மன்னித்துவிடும் தஞ்சாவூர் ஜில்லா, காபி சுமாராக இருந்தால் பத்து வருஷம் பேசும்.

கடல் மீனோடு விருந்து என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தள்ளி வையுங்கள். அந்த 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் அப்போது நல்ல மீன் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை எகிறும். வேளாங்கண்ணி என்றால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு

இலையின் நுனி உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பரிமாறுபவரிடம் சொல்லலாம், தப்பில்லை. சாப்பிட்டு முடித்ததும் மேல் பாதியை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில். நாற்காலிக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் கோபப்படாதீர்கள், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறார்கள். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் இலைக்குப் பதில் பெரிய தாம்பாளமாகச் சகன் வரலாம். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உங்கள் முன்னால் இருக்கும் பகுதியை எடுத்துச் சாப்பிடுவது முறை.

மொய் எழுதும் இடத்தில் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

சட்டம், கொஞ்சம்

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திறந்தவெளியில் ஸ்பீக்கர் வைப்பதானால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் மேல் சத்தம் அக்கரை ஊர் வரை போகும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மேஜை விரிப்பு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, கப் எல்லாம் அதில் அடக்கம். வாழையிலை விளையும் ஊரில் இது ஒரு கஷ்டமே இல்லை.

கல்யாண மண்டபத்தில் மது பரிமாற அனுமதி கிடையாது. 2023-இல் ஓர் அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரைக்கால் பக்கத்தில்தானே என்று பாட்டில் வாங்கிக் காரில் ஏற்றி வரும் யோசனை எந்த மச்சானுக்காவது தோன்றும். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது, பிடித்தால் மதுவிலக்கு வழக்கு. கல்யாண நாளில் ஸ்டேஷனில் உட்கார யாருக்கு ஆசை?

தண்ணீரில் இறங்குவது

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவிரியும் கொள்ளிடமும் பார்க்க அமைதியாக இருக்கும். மணல் அள்ளிய குழிகள் அடியில் இருக்கும், மதகுகளுக்குக் கீழே சுழல் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போய் அடுத்த அடியில் தலை மூழ்கும் ஆழம் வரலாம். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் குளிக்காதீர்கள். அவர்கள் குளிக்கும் படித்துறையில்கூடக் கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெரியவர்களை, நீச்சல் தெரிந்தவர்களாகப் பார்த்து, அந்த வேலைக்கென்றே விடுங்கள். விசேஷ வீட்டில் ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மேட்டூரிலிருந்து கூடுதல் தண்ணீர் வருவதாக ஆட்சியர் அலுவலகம் எச்சரித்திருந்தால் கரையோரப் போட்டோவை மறந்துவிடுங்கள்.

மண்டபமே வேண்டாம் என்பவர்களுக்கு

ஆடிப்பெருக்கு இருக்கிறது. பெரும்பாலும் ஆகஸ்ட் 3, சில வருடம் 2. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம் என்று வீட்டிலேயே கட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குப் போய்விட வேண்டியதுதான். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பாடு. பையன்கள் இழுக்கச் சின்னச் சப்பரம் அந்த வாரம் கடைத்தெருவில் விற்கும். புதுமணத் தம்பதிகளும் பெரியவர்களும் வந்து நெரிவதால் அம்மா மண்டபம் மாதிரிப் பெரிய படித்துறைகளில் காலை எட்டு மணிக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. சின்ன ஊர்ப் படித்துறையாகப் பார்த்து, விடியலில் போய் இடம் பிடியுங்கள். புளியோதரையை முதல் நாள் ராத்திரியே கிளறி வையுங்கள், தயிர்சாதத்தில் பால் ஊற்றிப் பிசைந்து கொஞ்சம் மோர் மட்டும் விட்டால் மத்தியானம் வரை புளிக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் அவர்கள் டப்பாவிலிருந்து உங்களுக்கு எடுத்து வைப்பார்கள். மறுக்காமல் வாங்கிக்கொண்டு, உங்களுடையதையும் கொடுங்கள். கிளம்பும்போது சாப்பிட்ட இலைகளைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், ஆற்றில் விடாதீர்கள். மஞ்சள் கயிற்றுப் பிளாஸ்டிக் உறைகளைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.